சுமைகூலி முக்கால் பணம்: கல்லூரி அறைக்குச் சாமான் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தங்குவதற்கு அறையும் பிடித்தாகிவிட்டது. சாவியை வாங்கிக் கதவைத் திறந்தால் நான்கு சுவர், ஒரு ஜன்னல், மேலே ஒற்றை பல்பு. அதிர்ஷ்டம் இருந்தால் முன்பு இருந்தவர் விட்டுப்போன கட்டில் சட்டம். கையில் இருப்பதோ எண்ணி வைத்த பணம். அதற்குள் மெத்தை, மேசை, நாற்காலி, துணி வைக்க ஓர் இடம், பார்க்கக் கொஞ்சம் லட்சணமாக நாலு பொருள் எல்லாம் வந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். புதிதாக வாங்கு என்கிறார் அப்பா. பழையது பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறான் நண்பன். மாத வாடகைக்கு எடுத்தால் போதுமே என்கிறது விளம்பரம். வீட்டில் சும்மா கிடக்கிற மேசையை எடுத்துப் போயேன் என்கிறார் அம்மா. நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்தச் சாமானுக்கு, எத்தனை மாதத்துக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் யார் சொல்வது உங்களுக்குப் பொருந்தும் என்பது தெரியும்.

நான் படித்தபோது ஒரு மர அலமாரியைக் கொள்ளை மலிவாக வாங்கினேன். நல்ல மரம், உறுதியான கதவு, விலை புதியதில் கால்வாசிகூட இல்லை. வண்டி வைத்து வாசல் வரை கொண்டுவந்தாகிவிட்டது. அறை மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் அலமாரி சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. நான்கு நண்பர்கள், ஒரு முழு மாலை, சுவரில் ஒரு முழம் நீளத்துக்குக் கீறல். அந்தக் கீறலுக்கு டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். அறையைக் காலி செய்தபோது அதை வாங்க ஆள் இல்லை. அடுத்து வந்த பையனிடம் "சும்மா வைத்துக்கொள்" என்று கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்தேன். கணக்குப் பார்த்தால் புதியதே வாங்கியிருக்கலாம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த ஒப்பீடு முழுவதையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கப்போகிறேன். கடையில் ஒட்டியிருக்கும் விலையை விட, சாமான் படியேறும் நாளும் படியிறங்கும் நாளும்தான் முக்கியம்.

எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி, எத்தனை மாதம். இதில் ஒரு தவறு சகஜம்: படிப்பு நான்கு வருடம், அதனால் சாமானும் நான்கு வருடத்துக்கு என்று கணக்குப் போடுவது. படிப்பு நான்கு வருடம்தான், ஆனால் அதே அறையில் நான்கு வருடம் இருப்பவர் எத்தனை பேர்? விடுதி மாறும், கூட இருப்பவர் மாறுவார், வாடகை ஏறும். எனவே படிப்பை விட்டுவிட்டு அறையின் ஆயுளை எண்ணுங்கள்.

அடுத்தது சுமை. எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, படித் திருப்பத்தின் அகலம் என்ன, கதவைத் திறந்தால் எத்தனை சென்டிமீட்டர் வழி கிடைக்கிறது. சாமான் பார்க்கப் போகும்முன் டேப் வைத்து இவற்றை அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். உயரமான சாமானுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 200 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரிக்கு மூலைக்கு மூலை அளவு கிட்டத்தட்ட 209 செ.மீ. தரையில் படுக்கவைத்துப் பலகைகளைப் பூட்டிவிட்டு நிமிர்த்தும்போது கூரை உயரம் அதற்கும் மேல் இருக்க வேண்டும். தாழ்ந்த கூரையுள்ள மாடியறைகளில் இது நிஜமாகவே உதைக்கும்.

மூன்றாவது, அது உடம்பில் படுகிற பொருளா? மெத்தை, தலையணை, துணி போர்த்திய சோஃபா ஒரு ரகம். மேசை, இரும்பு ஷெல்ஃப் வேறு ரகம். இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது.

நான்காவது, விற்றால் என்ன தேறும். ஐந்தாவது, அறையின் விதிமுறை: ஆணி அடிக்கலாமா, பெயின்ட் அடிக்கலாமா, ஹீட்டர் வைக்கலாமா. கடைசியாக உங்கள் நேரம். பணம் இல்லாதவரிடம் நேரம் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் செமஸ்டரில் அதுவும் இருக்காது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்

சூத்திரம் எளிது. வாங்கிய விலையோடு வண்டிக்கூலி, ரிப்பேர் செலவைக் கூட்டுங்கள். கடைசியில் விற்றால் தேறுவதைக் கழியுங்கள். வருவதை மாதத்தால் வகுங்கள்.

ஒரு மேசையும் நாற்காலியும் புதிதாக 100 பங்கு விலை என்று வைத்துக்கொள்வோம். கொண்டுவர 10. நான்கு மாதத்தில் விற்றால் 45, பத்து மாதத்தில் 35, மூன்று வருடத்தில் 20 தேறும் என்று கொள்வோம். அதே சாமான் பழையதாக 45, வண்டிக்கு 15, சின்ன ரிப்பேருக்கு 5. விற்றால் முறையே 35, 30, 15. வாடகை மாதம் 6, கொண்டுவந்து போட 5. வீட்டுச் சாமானுக்கு விலை இல்லை, ஆனால் கொண்டுபோக 25, திருப்பி எடுத்துவர 25. இவை நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான். உங்கள் ஊர் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள்.

| வழி | 4 மாதம் இருந்தால் மாதத்துக்கு | 10 மாதம் | 36 மாதம் |
|---|---|---|---|
| புதியது | 16.3 | 7.5 | 2.5 |
| பழையது | 7.5 | 3.5 | 1.4 |
| வாடகை | 7.3 | 6.5 | 6.1 |
| வீட்டிலிருந்து | 12.5 | 5 | 1.4 |

சும்மா கிடைக்கும் வீட்டுச் சாமான் பத்து மாதத்துக்குப் பழைய சாமானை விட அதிகம் ஆகிறது, கவனித்தீர்களா? வாடகை குறுகிய காலத்தில் மட்டும் தலை நிமிர்கிறது. புதியது, நீங்கள் அதே அறையில் வேரூன்றினால்தான் நியாயமாகிறது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதிதாக வாங்குவது

பட்ஜெட்டில் புதியது என்றால் பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் தட்டையாக வந்து நாமே பூட்டிக்கொள்ளும் சாமான்தான். படியேற்றுவதற்கு இதைப்போல் சௌகரியம் கிடையாது. பலகை பலகையாகக் கொண்டுபோகலாம், திருப்பத்தில் சிக்காது. சுமை என்ற இரண்டாவது கேள்வியில் நல்ல மார்க்.

மறைந்திருக்கும் செலவு பலகைக்குள் இருக்கிறது. மலிவான சாமானில் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டுதான், அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. மேலே ஒட்டிய தாள் மரம் மாதிரியே இருக்கும். விளிம்பில் தாள் பிரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், பிறகு வற்றவே வற்றாது. தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் அறையில் முதலில் உப்புவது ஷெல்ஃபின் அடிப்பகுதி. கீழே நாலு ரப்பர் புஷ் ஒட்டினால் ஒரு வருடம் கூடுதலாக உழைக்கும். இன்னொன்று, ஸ்க்ரூ. ஒரு முறை பூட்டினால் பிடிக்கும். கழற்றி இன்னோர் அறையில் இரண்டாவது முறை பூட்டும்போது ஓட்டை தளர்ந்து ஆட ஆரம்பிக்கும். அடிக்கடி அறை மாறுபவருக்கு இது ஒத்துவராது. அதே விலைக்கு இரும்புக் குழாய்ச் சட்டத்தில் நட்டு போல்ட்டு போட்ட ஷெல்ஃப் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். பத்து முறை கழற்றலாம்.

விற்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். நாமே உட்கார்ந்து பூட்டிய சாமானுக்கு நாம் விலையை ஏற்றி வைத்துக்கொள்வோம். மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி மூவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். தங்கள் கையால் பூட்டிய பெட்டிக்கு, அதே மாதிரி ரெடிமேட் பெட்டியை விட மக்கள் அதிக விலை சொன்னார்கள். இப்படித் தட்டையாக வரும் சாமானுக்குப் பேர்போன ஐக்கியா கம்பெனியின் பெயராலேயே இதை 'ஐக்கியா விளைவு' என்கிறார்கள். வாங்க வருபவர் அதைப் பூட்டவில்லையே! அதனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் தொகையை அவர் கொடுக்கமாட்டார். கணக்குப் போடும்போதே தேறும் விலையைக் குறைத்துப் போடுங்கள்.

ஒரே அறையில் இரண்டு வருடத்துக்கு மேல் நிச்சயம் என்றால், அல்லது உடம்பில் படும் பொருள் என்றால் புதியது.

பழைய சாமான்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், அலமாரிக் கதைக்குப் பிறகும். காரணம் எளிது: முதல் ஆள் கையில் விழ வேண்டிய விலை ஏற்கெனவே விழுந்து முடிந்துவிட்டது. கவனமாக வாங்கினால், வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே திருப்பி விற்கலாம்.

ஆனால் நேரம் வாங்கும். நாலு இடம் பார்த்தால் ஒன்று தேறும். போட்டோவில் பளபளக்கும், நேரில் ஒரு கால் ஆடும். எப்போது தேடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வருடம் தொடங்கும் வாரத்தில் எல்லோரும் தேடுவார்கள், ஒடிந்த ஸ்டூலுக்கும் கிராக்கி. வருடம் முடியும் வாரத்தில் எல்லோரும் விற்பார்கள், நல்ல மேசையும் அடிமாட்டு விலைக்குப் போகும். அடுத்த வருடமும் இங்கேதான் என்று தெரிந்தால் முடியும் வாரத்தில் வாங்கி, யாராவது உள்ளூர் நண்பர் வீட்டில் ஒரு மூலை கேட்டுப் போட்டு வையுங்கள்.

பார்க்கப் போகும்போது பகலில் போங்கள், போனில் டார்ச் எரியட்டும். மர மேசை என்றால் கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருக்கலாம். பழைய ஓட்டை பரவாயில்லை. ஓட்டைக்குக் கீழே மாவு மாதிரி புதுத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்கிறது என்று பொருள், வேண்டாம். பெயின்ட் உரியும் மிகப் பழைய சாமானைச் சுரண்டிப் புதுசாக்கும் ஆசையும் வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டினால் அந்தத் தூளை மூடிய அறைக்குள் நீங்கள்தான் சுவாசிப்பீர்கள்.

துணி போர்த்திய எதையும் வாங்கும்முன் மூட்டைப்பூச்சி பார்க்கத் தெரிய வேண்டும். வளர்ந்த பூச்சி 5 மி.மீ. சுமார், ஆப்பிள் விதை மாதிரி தட்டையாக இருக்கும். பகலில் அது வெளியே உலாவாது. அதன் தடயத்தைத்தான் தேட வேண்டும். தையல் ஓரத்தை இரண்டு விரலால் பிரித்துப் பாருங்கள். பேனா மையால் குத்தி வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், உரிந்த பழுப்புத் தோல், அரிசி நொய்யை விடச் சின்னதாக வெள்ளை முட்டை. கட்டில் சட்டத்தின் ஸ்க்ரூ குழியிலும் டார்ச் அடியுங்கள். ஈரத்துணியால் அந்தப் புள்ளியைத் தேய்த்தால் துருப்பிடித்த நிறத்தில் கசிந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். "வெயிலில் ரெண்டு நாள் போட்டால் போயிடும்" என்று விற்பவர் சொல்வார். மெத்தையின் மேல்பக்கம்தான் சுடும், உள்ளே அந்தச் சூடு போய்ச் சேராது. சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பூச்சி அது. அறையில் ஏறிவிட்டால் மருந்தடிக்கிற செலவு நீங்கள் மிச்சம் பிடித்த எல்லாவற்றையும் விழுங்கும், கூடவே பக்கத்து அறைக்காரரின் நட்பையும்.

வாடகைக்கு எடுப்பது

ஒரு செமஸ்டர் இன்டர்ன்ஷிப், பரிமாற்றப் படிப்பு, நான்கு மாத அறை. இவர்களுக்கு வாடகைதான். கொண்டுவந்து போடுவார்கள், எடுத்துப்போவார்கள், படிக்கட்டு அவர்கள் பாடு.

மற்றவர்கள் ஒப்பந்தத்தில் மூன்று வரியைத் தேடிப் படிக்க வேண்டும். குறைந்தபட்சக் காலம் எவ்வளவு? மேலே நாம் பார்த்த கணக்கில் பத்து மாதத்துக்கு 6.5 வந்தது. குறைந்தபட்சம் 12 மாதம் என்று ஒப்பந்தம் இருந்தால் நீங்கள் பத்து மாதத்தில் கிளம்பினாலும் 77 பங்கு கட்ட வேண்டும், மாதத்துக்கு 7.7. புதியதையே தாண்டிவிட்டது! அடுத்து விடுமுறை. நீங்கள் இரண்டு மாதம் வீட்டில் இருக்கும்போதும் அந்த நாற்காலிக்கு வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவது, சேதம். எது தேய்மானம், எது சேதம் என்று யார் முடிவு செய்வது? சாமான் இறங்கிய நிமிடமே, இறக்கியவர் நிற்கும்போதே ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்து அவர்களுக்கே அனுப்பி வையுங்கள். அனுப்பிய தேதிதான் பின்னால் உங்களுக்குச் சாட்சி.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மாதிரி ரிப்பேர் வரக்கூடிய பெரிய சாமானுக்கு வாடகை கொஞ்சம் நீண்ட காலத்துக்கும் தாங்கும், பழுது பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்று எழுத்தில் இருந்தால்.

வீட்டிலிருந்து, அல்லது நம் கையால்

போர்வை, தலையணை, திரைத்துணி, டேபிள் லேம்ப், பாத்திரம். பையில் போகிற எல்லாம் வீட்டிலிருந்தே போகட்டும். தனி வண்டி வேண்டியது எதுவும் வேண்டாம். இங்கே கோடு இவ்வளவுதான்.

நம் கையால் செய்வதில் எனக்கு ஆசை உண்டு, ஆனால் ரம்பமும் டிரில்லும் இரவல் கிடைத்தால் மட்டுமே. வாங்க வேண்டுமென்றால் ஒரு ஷெல்ஃபுக்காக ஒரு பட்டறையே வைக்க வேண்டிவரும். சரக்கு மரச்சட்டங்களில், அதாவது பேலட்டில், கட்டிலோ சோஃபாவோ செய்ய நினைப்பவர்கள் முதலில் அதன் பக்கவாட்டில் உள்ள முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரச்சட்டங்களில் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி முத்திரை குத்தியிருக்கும். எச்.டி. (HT) என்றால் சூடுபடுத்திப் பூச்சி அகற்றியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மீத்தைல் புரோமைடு வாயுவால் பதப்படுத்தியது, படுக்கை அறைக்கு வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையோடு இருந்தால் அதுவும் வேண்டாம்.

சாமான் வாரியாக என் தீர்ப்பு

மெத்தை புதியது. இதில் பேரம் இல்லை. கட்டில் ஏற்கெனவே இருந்தால் சட்டத்தின் உள்ளளவை அளந்துவிட்டு வாங்குங்கள், 'சிங்கிள்' என்ற பெயரை நம்பி வாங்காதீர்கள். அந்தப் பெயரில் இரண்டு மூன்று அளவுகள் உலவுகின்றன. விடுதியே மெத்தை கொடுத்து, அது சுமாராக இருந்தால், புது மெத்தையே வேண்டாம். ஜிப் வைத்து முழுக்க மூடும் உறை ஒன்று, மெத்தைக்கு மேலே விரிக்கும் 5 செ.மீ. ஃபோம் டாப்பர் ஒன்று. டாப்பரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போகலாம்.

நாற்காலி பழையது, அதுவும் அலுவலகங்கள் காலி செய்யும்போது விற்கும் நாற்காலி. ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்வதற்கென்று செய்த பொருள் அது. அதே விலைக்குப் புதிதாகக் கிடைக்கும் நாற்காலி ஒரு வருடத்தில் முனகும். வாங்கும்முன் சீட்டை முழு உயரத்துக்குத் தூக்கிவிட்டு, விற்பவரோடு பேச்சுக் கொடுத்தபடி ஐந்து நிமிடம் உட்காருங்கள். எழும்போது கீழே இறங்கியிருந்தால் சீட்டைத் தூக்கி நிறுத்தும் கேஸ் சிலிண்டர் போய்விட்டது. சக்கரம் ஐந்தும் உருள்கிறதா, சாய்ந்தால் பிடிக்கிறதா பாருங்கள். சீட்டும் முதுகும் வலையாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் துடைத்தால் போதும். துணி என்றால் தையலில் அதே டார்ச் வேலை.

மேசை பழையதோ, இரும்புக்கால் வைத்த புதியதோ எதுவாகவும் இருக்கலாம். 100 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம் இருந்தால் லேப்டாப்பும் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் கொள்ளும். உயரம் 72 முதல் 75 செ.மீ. இருக்கட்டும். வாங்கும்முன் பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, பின்னால் நாற்காலி இழுக்க 70 செ.மீ. விட்டுப் பாருங்கள். கதவு திறக்கிறதா? முக்கால்வாசிப் பேருக்குக் கட்டிலில்தான் இடிக்கும்.

அலமாரி வேண்டவே வேண்டாம். சொந்த அனுபவம், மேலே படித்தீர்கள். துணி தொங்கவிட ஒரு கம்பி ஸ்டாண்ட், கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த பெட்டி. கட்டில் கால்களுக்கு அடியில் உயரக் கட்டை வைத்து 15 செ.மீ. ஏற்றினால் அங்கேயே ஒரு அலமாரி அளவு இடம் கிடைக்கும்.

மின்சாமான் எதுவானாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் புதியது. லேப்டாப் சார்ஜரும் விளக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 வாட்டைத் தாண்டாது. கெட்டில் ஒன்று மட்டும் 1500 வாட் இழுக்கும். அதைச் சுவர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள்.

அழகுக்கு எதில் காசு போடுவது?

வெளிச்சத்தில். மற்றதெல்லாம் பிறகு. மேலே தொங்கும் 6500 கெல்வின் வெள்ளை பல்பில் எந்த அறையும் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரிதான் தெரியும். 2700 கெல்வின் என்று அட்டையில் போட்ட மஞ்சள் எல்.இ.டி. 9 வாட் பல்பு ஒன்றை ஒரு மூலை லேம்ப்பில் போட்டுப் பாருங்கள். சுமார் 800 லூமென் வரும், பழைய 60 வாட் குண்டு பல்பு அளவு. அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் அறையே அகலமாகும். படிக்கும் மேசைக்குச் சுமார் 4000 கெல்வின் உள்ள தனி விளக்கு.

அடுத்தது துணி. திரையும் பெட்ஷீட்டும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஜன்னலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கம்பியை மாட்டினால் கூரை உயர்ந்த மாதிரி இருக்கும். துணியின் பெரிய நன்மை, மடித்தால் பைக்குள் போய்விடும்.

பெயின்ட் பார்க்க மலிவு. 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள ஒரு சுவர் 7.5 சதுர மீட்டர். லிட்டருக்கு ஒரு கோட் 10 சதுர மீட்டர் சுமார் வரும், இரண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர் போதும். ஆனால் காலி செய்யும்போது கரும்பச்சையைத் திரும்ப வெள்ளையாக்க மூன்று நாலு கோட் இழுக்கும். அனுமதி எழுத்தில் இல்லையென்றால் தொடாதீர்கள்.

போஸ்டர், போட்டோவுக்கு ஒட்டிப் பிரிக்கும் கொக்கி நல்லது. ஆனால் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். விரலில் சுண்ணாம்பு ஒட்டினால் கொக்கி பெயின்ட்டோடு கழன்று விழும். வழவழப்பான சுவர் என்றால் சுத்தமாகத் துடைத்து, ஒட்டி, ஒரு மணி நேரம் விட்டு எடை மாட்டுங்கள். எடுக்கும்போது பட்டையைச் சுவரோடு ஒட்டியபடி நேர் கீழே மெதுவாக இழுக்க வேண்டும். முன்பக்கமாகப் பிடுங்கினால் டெபாசிட் போச்சு.

கூட இருப்பவரோடு சேர்ந்து வாங்கலாமா?

சேர்ந்து பயன்படுத்தலாம். சேர்ந்து வாங்காதீர்கள். மூன்று பேர் காசு போட்டு ஃபிரிட்ஜ் வாங்கினால், ஒருவர் நடுவருடம் கிளம்பும்போது அவர் பங்கு எவ்வளவு என்று பேசுவதற்குள் முகம் கோணிவிடும். ஃபிரிட்ஜ் ஒருவருடையது, மேசை இன்னொருவருடையது, திரையும் விளக்கும் மூன்றாமவருடையது என்று பிரித்துக்கொண்டால் பேச்சே இல்லை. விலை சமமாக இல்லாவிட்டால் வித்தியாசத்தைச் சாப்பாட்டுச் செலவில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

அப்படியானால் நீங்கள் எந்த ரகம்?

ஆறு மாதத்துக்குள் கிளம்புபவர் என்றால் கட்டில், மேசை, நாற்காலி வாடகைக்கு, மெத்தைக்கு டாப்பர், மற்றது பையில். ஒரு வருடம் என்றால் பழைய மேசை நாற்காலி, புது மெத்தை, கம்பி ஸ்டாண்ட். இரண்டு வருடத்துக்கு மேல் அதே அறை என்றால் புதியதும் பழையதும் கலந்து, கழற்றிப் பூட்டத் தாங்கும் இரும்புச் சாமானாக. எத்தனை மாதம் என்றே தெரியாதவர் ஒரு வருடக்காரர் மாதிரி நடந்துகொள்ளலாம். எந்த ரகமானாலும் முதல் இரண்டு வாரம் மெத்தை, விளக்கு, ஒரு நாற்காலியோடு இருந்து பாருங்கள். பட்டியலில் இருந்த பாதிப் பொருள் தேவைப்படாது. பட்டியலிலேயே இல்லாத ஒன்று, பெரும்பாலும் துணி காயப்போடும் ஸ்டாண்ட், உடனே வேண்டியிருக்கும்.

கிளம்புவதாக முடிவானால் கடைசி வாரம் வரை காத்திருக்காமல் ஒரு மாதம் முன்பே விற்கப் போடுங்கள். மெத்தையை வாங்க யாரும் வரமாட்டார்கள், நீங்களும் வாங்கமாட்டீர்கள்தானே. மேசையைக் கழற்றினால் ஸ்க்ரூ, நட்டு, பூட்டுவதற்குக் கொடுத்த அந்த வளைந்த சாவி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, மேசைப் பலகையின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.